அளவு கேட்காதீர்கள், ராடை வளைத்துப் பாருங்கள்

"ஸ்பைரல் ராடு கட்டப்போறேன், கைடு எத்தனை அங்குலத்துல வைக்கணும், அளவு மட்டும் சொல்லுங்க ப்ரோ." தூண்டில் ராடில் லைன் ஓடுகிற வளையங்கள்தான் கைடு; அவற்றை மேலிருந்து அடிப்பக்கமாகச் சுற்றி இறக்கிக் கட்டினால் அது ஸ்பைரல். இப்படிக் கேட்பவர்மேல் எனக்குக் கோபமில்லை, புதிதாகக் கற்பவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் பிளாங்க் (கைடு எதுவும் கட்டாத வெறுங்கோல்) என்ன, ரீல் என்ன, எந்த மீனுக்கு என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல், யாரோ எப்போதோ வேறொரு ராடுக்குக் குறித்துவைத்த பட்டியலை அப்படியே தூக்கிப் போடுகிறார்களே, அவர்களைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அதைவிட, அதே பட்டியலை வைத்துக் கட்டிவிட்டு 'கஸ்டம்' என்று காசு வாங்குகிறவர்களைப் பார்த்தால்.

நண்பன் ஒருவன் ஜிக்கிங்குக்காக (கனமான உலோகத் தூண்டிலை ஆழத்தில் இறக்கிச் சுண்டிச் சுண்டிப் பிடிப்பது) இப்படி ஒரு ராடு கட்டி வாங்கினான். கைடுகளைக் கட்டிய நூல் சுற்றில் ஒரு இடைவெளி கிடையாது, அதன்மேல் பூசிய எபாக்சிப் பசை கண்ணாடி மாதிரி. லைனைக் கோத்து, நுனியைக் கட்டி வளைத்துப் பார்த்தால், முதல் கைடுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் லைன் பிளாங்கின் விலாவில் படுத்துக்கொள்கிறது. கடலுக்குப் போய்வந்த ராடு அது. அந்த இடத்தில் பூச்சு மங்கி, நகத்தை வைத்து ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்துவிட்டது. உப்பேறிய பிரெய்டு லைன் (பின்னல் நூல்), களவா மீன் கீழே இழுக்கிற இழுப்பில், கார்பன் பிளாங்க்மேல் உரசினால் வேறென்ன ஆகும்? கட்டியவரைக் கேட்டால், "சார்ட்ல இருக்கற அளவுதான் சார், ஒரு மில்லிமீட்டர்கூட மாறலை" என்கிறார். மாறாததுதானய்யா பிரச்சினை!

ஸ்பைரல் எதற்கு என்று யோசித்திருந்தால் இது நடந்திருக்காது. ரீல் ராடுக்கு மேலே உட்கார்ந்து, கைடுகளும் மேலேயே இருந்தால், மீன் இழுக்கும்போது அந்த வளையங்கள் எல்லாம் கீழே புரளப் பார்க்கும், ராடு கையில் முறுக்கும். அதனால்தான் முதல் கைடை மேலே வைத்து, லைனைப் பக்கவாட்டில் இறக்கி, மீதிக் கைடுகளை நுனிவரை அடியில் வைக்கிறோம். அடியில் இருக்கிற வளையத்துக்குப் புரள இடமில்லை. பிளாங்கை வளைத்தால் அது தானாகத் திரும்பி நிற்கிற பக்கம் ஒன்று உண்டு, அதுதான் ஸ்பைன். "ஸ்பைன் பார்த்துக் கட்டினா முறுக்காது" என்று இன்னமும் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பைனை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வையுங்கள், கைடு மேலே இருந்தால் முறுக்கும்.

சரி, அந்த இறக்கத்தை எங்கே வைப்பது? இதற்குத்தான் எண் கேட்டு அலைகிறார்கள். ரீல் எவ்வளவு உயரம், ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கிற உருளை) எவ்வளவு அகலம், பிளாங்கின் கைப்பிடிப் பக்கம் எவ்வளவு தடிமன், வளையம் எவ்வளவு பெரிது, பிளாங்க் எங்கிருந்து வளைய ஆரம்பிக்கிறது என்று ஒவ்வொன்றும் அந்த இடத்தை நகர்த்தும். நீங்கள் செய்ய வேண்டியது, ரீலை மாட்டுங்கள், மேல் கைடையும் அடியில் வரும் முதல் கைடையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள், லைனை இழுத்துக் கட்டுங்கள். லைன் எங்கே பிளாங்கின் விலாவைத் தொடப் போகிறதோ அங்கே நடுக் கைடு. அது லைனை வளைக்கக் கூடாது, பிளாங்கில் படாமல் விலக்கிவிட்டால் போதும். மேல்பக்கம் 0, அடிப்பக்கம் 180 என்று வைத்து, புத்தகத்தில் நடுக் கைடுக்கு 90 பாகை என்று இருக்கும். லைன் 80-ல் போகிறேன் என்றால் 80-ல் வையுங்கள். இறக்கத்தை 0, 60, 120, 180 என்று படிப்படியாக வைப்பதும் ஒரு முறைதான், அந்த எண்களுக்கும் இதே கதைதான். லைன் ஸ்பூலின் இடது ஓரத்திலிருந்து வரும்போதும் பாருங்கள், வலது ஓரத்திலிருந்து வரும்போதும் பாருங்கள். ஒரு ஓரத்தில் சரியாக இருந்து மறு ஓரத்தில் உரசுகிற ராடுகளை நிறையவே பார்த்தாயிற்று.

அப்புறம் ராடைத் தாங்கியில் மாட்டி நுனியில் எடையைத் தொங்கவிட்டு, மீன் இழுக்கிற மாதிரி வளைக்க வேண்டும். எந்தக் கைடில் லைன் சட்டென்று மடங்குகிறதோ, அதன் பக்கத்துக் கைடுகளை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். டேப்தானே, பிய்த்து ஒட்ட எவ்வளவு நேரமாகும்? எபாக்சி காய்ந்தபிறகு கண்டுபிடித்தால் சூடுகாட்டி இளக்கி, பிளாங்கில் பிளேடு படாமல் கைடின் கால்மேல் வைத்தே நூலை அறுத்து, சுரண்டி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இன்னொரு கொடுமை, எண்ணிக்கை. ராடின் நீளம் எத்தனை அடியோ அதோடு ஒன்று கூட்டி அத்தனை கைடு வை என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே கைடு வைக்கிற ராடில், வளையும்போது லைன் பிளாங்கில் படாமலிருக்க நெருக்கி வைத்தாக வேண்டும். ஸ்பைரலில் அடிப்பக்கம் லைன் பிளாங்கைவிட்டு விலகித்தான் போகும், அங்கே அத்தனை தேவையே இல்லை. அந்தப் பழைய கணக்கை இதற்கும் போட்டு நுனியில் கைடு கைடாக அடுக்கினால், ஒவ்வொன்றும் நூலும் எபாக்சியுமாகச் சேர்ந்து நுனியைக் கனக்கவைக்கும். லேசான பிளாங்க்தான் வேண்டுமென்று தேடி அலைந்து, விலை கொடுத்து வாங்கியது இதற்கா?

இதையெல்லாம் விட்டுவிட்டு, லைனை இடப்பக்கம் இறக்குவதா வலப்பக்கமா என்று விடிய விடியச் சண்டை போடுகிறார்கள். எந்தப் பக்கம் இறக்கினாலும் ராடு முறுக்காது. படகு விளிம்பில் எந்தப் பக்கமாகச் சாய்த்து வைப்பீர்களோ, அந்தப் பக்கம் நடுக் கைடு இடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்பைரல் ராடு கட்டக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நூல் சுற்றும் முன், உங்கள் ரீலை மாட்டி, டேப் ஒட்டிய கைடுகளோடு, எடை தொங்க வளைந்து நிற்கிற ராடைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கவாட்டில் ஒன்று, அடியிலிருந்து ஒன்று. அது வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.