சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தியவர்களுக்கு

நம் மன்றத்தின் பொங்கல் விளையாட்டு விழாவில், பெண்கள் ஓட்டத்துக்கு வந்து நின்ற ஒரு திருநங்கையை மைக்கில் வெளியே அழைத்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாட்களாக என்னை அடக்கிக்கொண்டிருந்தேன். நேற்றிரவு ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதன் காணொளி நான்காவது முறையாகச் சிரிப்புப் பொம்மைகளோடு வந்து விழுந்த பிறகு முடியவில்லை.

பெண்கள் பிரிவு தனியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆண் பருவமடைதலின்போது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தரும் உயரமும் எலும்பும் தசையும், பின்னாளில் ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்டாலும் முழுவதுமாகப் போய்விடுவதில்லை. ஓட்டத்திலும் நீச்சலிலும் உச்சத்தில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஏறக்குறைய 10 முதல் 12 விழுக்காடு இடைவெளி இருக்கிறது. அதனால்தான் சர்வதேச நீச்சல் அமைப்பு 2022-இலும், தடகள அமைப்பு 2023-இலும், ஆண் பருவத்தைக் கடந்து வந்த திருநங்கையருக்குப் பெண்கள் பிரிவில் இடமில்லை என்று விதி வகுத்தன. அது சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் அது எழுதி வைத்த விதி, ஓட வருகிறவருக்கு முன்பே தெரிந்த விதி.

நம் மன்றத்து நோட்டீசில் என்ன இருந்தது? பெண்களுக்கான 100 மீட்டர், வயது வரம்பு இல்லை, முதல் பரிசு எவர்சில்வர் குடம். அதைப் படித்து, முதல் நாளே பெயர் கொடுத்து, நீங்களே தந்த எண் துண்டை முதுகில் குத்திக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டில் வந்து நின்ற ஒரு திருநங்கையைத்தான், "நாலாவது ஆளு வெளிய வரணும், இது பொம்பளைகளுக்க ஓட்டமாக்கும்" என்று மைக்கில் அழைத்தீர்கள்.

விதி இருக்கட்டும். மைக் எதற்கு? பெயர் எழுதிய மேசையிலேயே, அவர் காதில் மட்டும் விழும்படி சொல்லியிருக்கக் கூடாதா?

என் மகள் அவரிடம் தோற்றிருந்தால் இப்படி எழுதுவேனா என்று ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். என் மகளும் அதே ஓட்டத்தில்தான் ஓடினாள், அண்ணா. ஐந்தாவதாக வந்தாள். அதற்குக் காரணம் யாருடைய ஹார்மோனும் அல்ல, அவளுடைய கைப்பேசி. கல்லூரி அணியில் ஓடும் பெண்ணையும் மூன்று பிள்ளை பெற்ற மீன்கார அக்காவையும் ஒரே கோட்டில் நிறுத்தியபோது உங்கள் நேர்மை பந்தலில் பாயசம் குடித்துக்கொண்டிருந்ததா?

"நாளைக்கு ஆண்களெல்லாம் சேலை கட்டிக்கொண்டு வருவார்கள்" என்கிறார் இன்னொருவர். ஒரு குடத்துக்காகவா? தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வரை ஒரே ஒருநாள் அப்படிப் பேருந்தில் போய்வந்து பிறகு சொல்லட்டும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கிய நியூசிலாந்துத் திருநங்கை லாரல் ஹப்பார்ட் மூன்று முயற்சியிலும் தோற்றதை நீங்கள் யாரும் பகிர்வதில்லை. பதிலுக்கு, வென்ற ஒரு திருநங்கை நீச்சல் வீராங்கனையின் பெயரைச் சொல்வீர்கள். தெரியும்.

இதில் எனக்கேன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு: பள்ளியில் நான் 800 மீட்டர் ஓடியவள். நெட்டையாக, பேன் தொல்லைக்காக முடியை ஒட்ட வெட்டி, பையன்போல இருப்பேன். நாகர்கோவிலில் ஒரு போட்டியின்போது எதிரணிப் பயிற்சியாளர் ஏதோ சொல்ல, ஓர் ஆசிரியை என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போய், "வயசுக்கு வந்துட்டியா மக்ளே?" என்று கேட்டார். அவர் விரலில் விசில் கயிற்றைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். கடைசியாக வந்தேன். அடுத்த ஆண்டு ஓடவில்லை. அந்த ஆசிரியையாவது தொட்டிக்குப் பின்னால் வைத்துத்தான் கேட்டார்.

2006-இல் தோஹா ஆசியப் போட்டியில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தியின் பதக்கத்தைப் பாலினச் சோதனை சொல்லிப் பறித்தார்கள். சாந்தி திருநங்கை அல்லர். பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். இரண்டும் வேறு வேறு என்று எனக்கும் தெரியும். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு அவரும் நானும் நாலாவது ஆளும் ஒன்றுதான்.

மன்றத்துத் தம்பி ஒருவர் காலையில் அழைத்து, "யக்கா, பதிவ எடுத்துருங்க, ஊருக்குக் கெட்டபேரு" என்றார். எடுக்கப் போவதில்லை. முதலில் அந்தக் காணொளியை எடுங்கள், தம்பி. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து தன் செருப்பைத் தேடுவது வரை அதில் இருக்கிறது.