'திராணிக்கு மேல்' எதைப் பற்றியது?

"தாங்க முடியாத கஷ்டத்தைக் கர்த்தர் தம் பிள்ளைகளுக்கு அனுமதிக்கவே மாட்டார், 1 கொரிந்தியர் 10:13" என்று எழுதியிருக்கிறீர்கள், பிரதர். உங்கள் திராணிக்கு, அதாவது பலத்துக்கு, மேலாகச் சோதிக்கப்படத் தேவன் இடங்கொடார் என்கிற அந்த வசனம் பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றியது. முந்தைய வசனங்களில் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விழுந்த விக்கிரக வணக்கம், வேசித்தனம், முறுமுறுப்பு. அடுத்த வசனமே விக்கிரகாராதனைக்கு விலகி ஓடச் சொல்கிறது. தமிழில் 'சோதனை' என்றாலே நமக்குக் கஷ்டகாலம்தான் நினைவுக்கு வரும், குழப்பம் அங்கேதான்.

சரி, கஷ்டம்? அந்த வசனத்தை எழுதிய அதே அப்போஸ்தலன் பவுல் 2 கொரிந்தியர் 1:8-இல், ஆசியாவில் பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போகுமளவு, தங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது என்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் நீங்கள் எழுதியதைச் சொல்லிப் பாருங்கள். "என்னால் தாங்க முடியலையே, அப்போ என் விசுவாசம்தான் குறைவா?" என்று அந்தத் தாய் கேட்பார்.