காய்ச்சல்காரன் சாப்பாடா இது?

இன்று மத்தியானம் கேன்டீனில் என் தட்டில் விழுந்த புரோக்கோலியைப் பச்சை என்று சொன்னால் அது பொய். மழைக்காலத்தில் குளத்துப் படிக்கட்டில் படிந்திருக்குமே, அந்த நிறம். முள்கரண்டியை வைத்ததும் கூழாகிவிட்டது. பக்கத்தில் வட்டம் வட்டமாக நறுக்கிய கேரட், அவித்த தண்ணீர்கூட வடியாமல். நடுவில் தோலுரித்த கோழி நெஞ்சுத் துண்டு ஒன்று வெளுத்துப்போய்ப் படுத்திருந்தது. மிளகுத்தூள் ஒரு புள்ளிகூடக் கிடையாது. "கிரேவி ஊத்தட்டுமா, லவ்?" என்று கேட்டார் பரிமாறுகிற அம்மா. இங்கிலாந்தின் இந்த ஷெஃபீல்டில் ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லோருமே 'லவ்'தான். நல்ல மனுஷி. அந்த லவ்வில் பாதியைக் கேரட்டின் மேல் காட்டியிருக்கலாம். ஏழு பவுண்டு இருபது பென்ஸ் வாங்கிக்கொண்டார்கள்.

முதல் வாய் வைப்பதற்குள் அம்மாவின் வாட்ஸப் அழைப்பு. "என்னப்பா சாப்பிடறே, காட்டு." காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "ஐயோ, இதென்ன, பத்தியச் சாப்பாடா?" நேற்று சாண்ட்விச்சைக் காட்டியபோது, "பிரட்டா? காய்ச்சலா?" என்று பதறினார். எங்கள் வீட்டில் பிரட் என்பது காய்ச்சல் வந்தால் மட்டும் தெருமுனைக் கடையிலிருந்து வருகிற சாமான். பாலில் தோய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டும். பின்னாலிருந்து அப்பா சேர்ந்துகொண்டார். "வெள்ளைக்காரனுக்கு நாக்கு செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. இருநூறு வருஷம் இங்கே இருந்தான், ஒரு ரசம் வைக்கக் கத்துக்கலையே!"

அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்பா சொல்வது தப்பு. பத்து வருஷமாக இந்த ஊரில் சாப்பிடுகிறவன் என்பதால் அது தப்பென்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க அந்த நிமிஷம் என் கையில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கேரட். எந்த வக்கீலுக்கும் இப்படி ஒரு கட்சிக்காரன் வாய்க்கக் கூடாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பதினொன்றரைக்கே காய்களை அவித்து, ஆழமான எஃகுத் தட்டில் கொட்டி, அடியில் வெந்நீரும் மேலே விளக்குமாக வைத்துவிடுகிறார்கள். சூடாக வைக்கிற உணவு 63 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று இங்கே விதி. நியாயமான விதிதான், வயிற்றைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு ஆசை? ஆனால் ஒன்றரை மணி நேரம் அந்தச் சூட்டில் உட்கார்ந்தால் நீங்களும் நானும்கூடக் குழைந்துவிடுவோம். அதுவும் கோஸ், புரோக்கோலி வகையறாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஐந்து நிமிஷத்தில் இறக்கினால் இனிக்கும். வேக வேக உள்ளேயிருந்து கந்தக வாடை கிளம்பும். அப்புறம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 6 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது அரசு. கேன்டீன்காரர்கள் அதைப் 'போடவே வேண்டாம்' என்று படித்துவிட்டு, பொடிப் பொட்டலமாகக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். வெந்து முடிந்த காய்க்கு மேலே உப்பைத் தூவினால் உள்ளே இறங்குமா? ஒரு வாய் கரிக்கும், அடுத்த வாய் சப்பென்றிருக்கும்.

ஆனால் ஐயா, இது கேன்டீன் செய்கிற பாவம். நான் நாலு வருஷம் ஹாஸ்டலில் சாப்பிட்டவன். அங்கே சாம்பாரில் பருப்பு கிடைத்தவன் அன்றைக்கு லாட்டரி வாங்கலாம். அந்தச் சாம்பாரைக் குடித்துவிட்டு ஒரு வெள்ளைக்காரன் 'தமிழர் சமையல் இவ்வளவுதான்' என்று எழுதினால் விடுவோமா? கிழித்துத் தோரணம் கட்டியிருப்போம். அவன் விஷயத்தில் மட்டும் நமக்கு ஒரு தட்டு போதும், ஒரு தேசத்துக்கே தீர்ப்பு எழுத.

'மசாலாவுக்காக உலகத்தையே வளைத்துப் போட்டான், சமையலில் போட மட்டும் மறந்துட்டான்' என்ற ஜோக்கை மாதம் மூன்று தடவை யாராவது எனக்கு அனுப்புகிறார்கள், கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை வேறு. போட்டான் சாமி, போட்டான்! லண்டனில் 1180லேயே மிளகு வியாபாரிகளுக்குச் சங்கம் இருந்தது. 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்த குறிப்புகளைப் பார்த்தால் இஞ்சி, பட்டை, கிராம்பு, ஜாதிபத்திரி, குங்குமப்பூ என்று கல்யாண வீட்டு மளிகைச் சீட்டு மாதிரி போகும். எசெக்ஸில் ஓர் ஊருக்கு, அங்கே குங்குமப்பூ விளைந்ததாலேயே, சாஃப்ரன் வால்டன் என்று பெயர். 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற அம்மாள் தன் சமையல் புத்தகத்தில் இந்தியக் கறி வைக்கும் முறையை எழுதிவிட்டார். 1837இல் விற்பனைக்கு வந்த வூஸ்டர் சாஸில் இருப்பது என்ன? புளியும் நெத்திலியும். வினிகரில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள் என்பதைத் தவிர, நம் வீட்டு அம்மிக்கு அது தூரத்துச் சொந்தம்தான்.

சரி, பிறகு என்ன ஆயிற்று? மசாலா மலிந்ததும் பணக்காரர்களுக்கு அதன்மேல் இருந்த மோகம் போய்விட்டது; பிரெஞ்சுக்காரனைப் பார்த்து வெண்ணெய்க்கும் சாற்றுக்கும் மாறினார்கள். ஜனங்கள் கிராமத்தை விட்டு ஆலைக்குப் போனார்கள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. முதுகெலும்பை முறித்தது ரேஷன்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1940 ஜனவரி 8இல் ஆரம்பித்தது. ஆளுக்கு வாரம் ஒரு முட்டை. வெண்ணெய் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராம்கூடக் கிடையாது. நம் வீட்டில் ஒரு நெய் ரோஸ்ட்டுக்கு விடுகிற கை அதைவிடத் தாராளம். பாலையெல்லாம் ஒரே ஒரு வகை அரசாங்க செடார் சீஸுக்குத் திருப்பிவிட்டார்கள். பண்ணைக்குப் பண்ணை தனித்தனியாகச் செய்துகொண்டிருந்த சீஸ் எத்தனையோ அதோடு போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுக் கரையிலிருந்து கப்பலில் வந்த வெங்காயம், அங்கே ஜெர்மானியர்கள் நுழைந்ததும் நின்றுபோனது. ஒற்றை வெங்காயத்தைக் குலுக்கல் சீட்டில் பரிசாக வைத்த காலம் அது. வெங்காயம் இல்லாமல் ஒரு மாதம் சமைத்துப் பாருங்கள், அப்புறம் நாக்கு செத்த கதை பேசலாம். (வெங்காயமே சேர்க்காத வீட்டுக்காரர்கள் மன்னிக்கவும், உங்களுக்குப் பெருங்காயம் இருந்தது.) போர் முடிந்த பிறகும் விடவில்லை, 1946இல் ரொட்டிக்கும் ரேஷன் வந்தது. இறைச்சிக்குக் கட்டுப்பாடு நீங்கியது 1954 ஜூலை 4இல். பதினான்கரை வருஷம்! ஒரு பெண் பிறந்து பாவாடை தாவணி கட்டுகிற வயது. அத்தனை வருஷமும் அம்மா அடுப்பில் என்ன செய்தாள் என்று பார்த்து வளர்ந்தவர்கள், முட்டைப் பொடியையும் அவித்த கோஸையும்தானே பார்த்திருப்பார்கள்? கைப்பக்குவம் என்பது ஒரு தலைமுறை விட்டுப்போனால் கடையில் கிடைக்கிற சாமானா? அந்தச் சமயம் இங்கே வந்து தங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் அதையே தின்றுவிட்டு ஊருக்குப் போய்த் தமுக்கடித்தார்கள் என்பது என் கட்சி. ரேஷன் முடிந்து எழுபது வருஷம் ஆகிவிட்டது, அந்தத் தமுக்கு மட்டும் ஓயவில்லை.

போன டிசம்பரில் சித்தி மகன் மதுரையிலிருந்து வந்தான். இறங்கிய நாளிலிருந்து ஒரே பல்லவி. "என்னண்ணா, இதுல ஒண்ணுமே இல்லையே. பச்சத் தண்ணியைக் கடிச்ச மாதிரி இருக்கு." நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் சாசேஜ் பொரித்து, பக்கத்தில் மஞ்சளாக ஒரு விழுது வைத்தேன். 1814இல் நார்விச் பக்கம் தொடங்கிய கோல்மன்ஸ் கடுகுத்தூள். அதைக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிஷம் விட வேண்டும். வெந்நீர் ஊற்றினால் காரம் எழும்பாது. நாம் கடுகை எண்ணெயில் வெடிக்கவிட்டு அதன் வாயை அடைத்துவிடுகிறோம், அவர்கள் பச்சையாகப் பேசவிடுகிறார்கள். அவன் அதை மாங்காய்ப் பச்சடி என்று நினைத்தானோ என்னவோ, ஒரு தேக்கரண்டி அள்ளி வாயில் போட்டான். மிளகாய்க் காரம் நாக்கோடு நிற்கும். இது மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையைத் தட்டும். இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தாரை தாரையாக, "அண்ணா... அண்ணா..." என்கிறான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சின்ன வகுப்பிலிருந்து படிக்கிறோம். என்னிடம் கேட்டால், அதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் நார்விச்காரர்கள்.

நம் ஆட்களிடம் எனக்கு ஆத்திரமே இதுதான். ருசி என்றால் காரம் என்று முடிவு கட்டிவிட்டோம். அந்த மிளகாயே போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து ஐந்நூறு வருஷம் ஆகிறது, அவ்வளவுதான். தயிர்சாதத்தில் என்ன காரம் இருக்கிறது? தேங்காய்ப்பாலில் மிதக்கிற இடியாப்பத்தில்? அதையெல்லாம் யாராவது உப்பு சப்பில்லை என்று சொல்லட்டும் பார்ப்போம்.

வேலையிடத்தில் ஓய்வுபெறப் போகிற ஒரு பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். முதலில் வெறும் யார்க்‌ஷயர் புட்டிங். முட்டை, மாவு, பால் கரைசலைப் புகைகிற கொழுப்பில் ஊற்றி அடுப்புக்குள் தள்ளினால் பூரி மாதிரி உப்பி நிற்கும். ஓரம் மொறுமொறு, நடுவில் குழி, குழி நிறைய வெங்காய கிரேவி. பழைய யார்க்‌ஷயர் வழக்கப்படி அதை முதலில் சாப்பிட வேண்டும், கறி பிறகுதான். அந்த கிரேவி டப்பாவில் வருகிற தூள் இல்லை. ஆட்டுத்தொடை வெந்த தட்டில் அடிப்பிடித்ததைச் சுரண்டிச் சுரண்டிக் காய்ச்சியது. உருளைக்கிழங்கை அரைவேக்காட்டில் வடித்து, பாத்திரத்தோடு குலுக்கி ஓரங்களைச் சிராய்த்துக்கொண்டார். அந்தச் சிராய்ப்புதான் கொழுப்பில் பட்டதும் கண்ணாடி மாதிரி நொறுங்குகிறது. கறிக்குத் தொட்டுக்கொள்ள வினிகரில் போட்ட புதினா. என் அம்மாவின் துவையலுக்குத் தம்பி. அதற்கு மேல் அவர் ஒரு பாட்டிலை எடுத்து எல்லாவற்றின் மீதும் தெளித்தார். ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ். ஷெஃபீல்டுக்காரர்கள் 'ஹெண்டோஸ்' என்பார்கள், இதை வூஸ்டர் சாஸ் என்று சொல்லிவிட்டால் சண்டைக்கு வருவார்கள். லேபிளைத் திருப்பிப் படித்தேன்: புளி, கிராம்பு, பூண்டு எண்ணெய், மிளகாய். ஒரு வார்த்தை பேசாமல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இவ்வளவு தெரிந்த ஜனம், திங்கள் காலை ஆனதும் ஏன் இப்படி ஆகிவிடுகிறது? என் எரிச்சலே அங்கேதான். அதே பெரியவர் மறுநாள் மேஜையில் கணினியைப் பார்த்தபடி குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முக்கோண சாண்ட்விச்சை விழுங்கிக்கொண்டிருக்கிறார். கூட ஒரு சிப்ஸ் பாக்கெட், ஒரு பானம். மூன்றும் சேர்ந்து 'மீல் டீல்'. நல்ல செடார், வெளியில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் வறுத்த கடலை வாசனை வரும் செடார், அதைப் பனிக்கட்டிக் குளிரில் வைத்து, ஈரப் பஞ்சு மாதிரி ரொட்டிக்குள் திணித்தால் மெழுகு மாதிரிதான் இருக்கும். பாக்கெட்டில் சிப்ஸ் மட்டும் உப்பும் வினிகருமாக நாக்கைப் பிய்க்கும். ஆக, சுரணை இருக்கிறது! அதைச் சாப்பாட்டில் காட்டினால் என்ன?

அந்தக் குளிர்பெட்டியில் 'காரனேஷன் சிக்கன்' என்று ஒரு மஞ்சள் வஸ்து உண்டு. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விருந்துக்காக, ரேஷன் முடியாத காலத்தில், கறித்தூளும் ஆப்ரிகாட்டும் ஒயினும் கிரீமும் சேர்த்து யோசித்துச் செய்த பண்டம். இன்றைக்கு அது மயோனைசில் மஞ்சள் அடித்து, உலர் திராட்சையைக் கொட்டிக் கிளறிய கோழிச் சக்கை. கடித்ததும் திராட்சை பிதுங்கும். எனக்குப் பல் கூசும்.

அப்பாவிடம் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளாமல் இல்லை, கற்றுக்கொண்டார்கள். அதுதான் கொடுமை. நம் மிளகுத்தண்ணீரைத்தான் அன்றைக்கே கப்பலேற்றி, அதில் கறியைப் போட்டு, ஆப்பிளைப் போட்டு, மாவு கரைத்துக் கெட்டியாக்கி, 'மல்லிகட்டானி' என்று பெயர் சூட்டி டின்னில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ரசத்தில் ஆப்பிள். இதை எப்படி அவரிடம் சொல்வது?

சாயந்திரம் கிளம்பும்போது கேன்டீன் பலகையில் எழுதிவிட்டார்கள். நாளைய சூப், மல்லிகட்டானி. நாளைக்கும் அம்மா மத்தியானம் ஒரு மணிக்குள் கூப்பிடுவார். கேமராவை அணைத்துவிட்டுத்தான் எடுக்கப் போகிறேன்.