மூணாவது சீசன் எப்போன்னு கேட்கிற அந்த வாய்

"மூணாவது சீசன் எப்போதான் வரும்? எத்தனை வருஷம் காக்க வைப்பாங்க? ரசிகனுக்குக் கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா?"

காலையில் கண் விழித்ததும் குழுவில் இந்த மெசேஜ். கேட்டது யார்? நம்ம ஆள்தான். வேறு யாருக்கு இந்தத் தைரியம் வரும்! 'செவரன்ஸ்' இரண்டாவது சீசன் ஓடிய பத்து வாரமும் "இத்தோட இந்தத் தொடருக்கு முழுக்கு" என்று எழுதிவந்த அதே மனிதர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முழுக்குப் போடுவார். அடுத்த வெள்ளிக்கிழமை தலையைத் துவட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். இப்போது அவருக்கு மரியாதை வேண்டுமாம். அந்த மெசேஜுக்குக் கீழே நாலு பேர் கைதட்டல் வேறு போட்டிருக்கிறார்கள். அந்த நாலு பேரும் யார் யார் என்று எனக்குத் தெரியும். குறித்துவைத்திருக்கிறேன்.

உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அதனால் ஆளைப் பற்றி விளக்கப்போவதில்லை. அந்த எட்டாவது எபிசோடு விவகாரத்தை மட்டும் இன்று கொட்டித் தீர்த்துவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. கதையெல்லாம் வெளியே வரும். இன்னும் பார்க்காதவர்கள் இப்படியே ஓடிவிடுங்கள். அப்புறம் ஸ்பாய்லர் என்று என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

பார்க்காமலும் ஓடாமலும் நிற்பவர்களுக்காக ஒரு வரி: லூமன் என்ற கம்பெனி சில ஊழியர்களின் மூளையில் சில்லு வைத்து, அலுவலக நினைவையும் வீட்டு நினைவையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது, மார்க் அவர்களில் ஒருவன். முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிந்தது. செத்துப்போனதாக நினைத்த மனைவி ஜெம்மா உயிரோடு இருக்கிறாள் என்று மார்க் கத்துகிறான், திரை இருண்டுவிடுகிறது. அவ்வளவுதான். அடுத்தது வந்தது 2025 ஜனவரி 17. இடையில் 2023 மே மாதம் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம், ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள், படப்பிடிப்பு நின்றது. அந்த நாட்களில் குழுவில் எழுந்த ஒப்பாரி கொஞ்சநஞ்சமா? "இன்னும் ரெண்டு எபிசோடு குடுத்தா போதும், அப்புறம் செத்தாலும் பரவாயில்ல" என்று எழுதினவர்கள் இருக்கிறார்கள். சரி, வந்தது. வந்த அன்று சாயந்திரமே முதல் தீர்ப்பு: "ஸ்லோ."

மூன்று வருடம் பொறுத்தவருக்கு முப்பது நிமிடம் பொறுக்க முடியவில்லை.

அதையும் விட்டுத்தள்ளினேன். மார்ச் 7, வெள்ளிக்கிழமை. எட்டாவது எபிசோடு. மொத்தமே 37 நிமிடம்தான், கடைசியில் ஓடும் பெயர்களையும் சேர்த்து. நான் ராத்திரி வீடு அடங்கியதும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, நிம்மதியாகப் பார்க்கலாம் என்று இருந்தேன். அதற்குள் போன் துடித்தது. திறக்கக் கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தேன். ஆனால் பூட்டிய திரையிலேயே முதல் வரி தெரிந்து தொலைக்கிறதே!

"ஃபில்லர்."

ஒரே ஒரு சொல். கதை நகராமல் சும்மா இடத்தை அடைக்கிற எபிசோடாம். சரி, வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டார், போகட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி துடித்தது. "ஃபில்லர்ர்ர்ர்." முதல் தடவை எங்களுக்குக் காதில் விழவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அதற்கடுத்து கட்டைவிரல் கீழே பார்க்கும் படம். அதற்கடுத்து அழுகை முகம். அதற்கும் அடுத்து, எந்த நாகரிகமான மனிதனும் அடுத்தவனுக்குச் செய்யக்கூடாத காரியம், ஒரு வாய்ஸ் நோட்.

திறந்தேன். முதலில் ஒரு பெருமூச்சு. அப்புறம் தொண்டையைச் செருமுகிறார். அப்புறம் இன்னொரு பெருமூச்சு. "நண்பர்களே..." என்று ஆரம்பித்துவிட்டு, யாரோ உள்ளேயிருந்து கூப்பிட, "வரேன் வரேன், ஒரு நிமிஷம்" என்று அவர்களுக்குப் பதில் சொல்கிறார். அதுவும் பதிவாகியிருக்கிறது. எங்கே விட்டோம் என்று மறந்து, மறுபடி "நண்பர்களே..." கடைசியில் விஷயத்துக்கு வந்தார்: "ஒண்ணுமே நடக்கல. ஒரு அம்மா கார் ஓட்டிக்கிட்டே போறாங்க. அவ்ளோதான் எபிசோடு. இவங்களுக்குச் சுருக்கமாச் சொல்லத் தெரியலை." சுருக்கமாகச் சொல்வதைப் பற்றி இவர் பேசிய அந்த வாய்ஸ் நோட் அதற்கப்புறமும் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் கேட்டேன்: "முழுசா பார்த்தீங்களா?"

டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் வரவேண்டிய பதில் இது. இதற்கு எதற்கு இத்தனை வரைவு? கடைசியில் வந்தது: "பார்த்த வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. மீதிய ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்."

ஓட்டி ஓட்டி!

ராத்திரி நான் பார்த்தேன். பென் ஸ்டில்லர் இயக்கம். கடலோரத்தில் குளிர்ந்து செத்துக் கிடக்கும் ஒரு ஊர். ஒரு காலத்தில் ஈத்தர் என்ற மயக்க மருந்து ஆலையை நம்பிப் பிழைத்த ஊர், இப்போது அந்த ஈத்தரை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருக்கிற ஊர். லூமனில் மார்க்குக்கு மேனேஜராக இருந்த கோபெல் அங்கே திரும்பி வருகிறாள். ஆள் ஏறவே கூசும் அந்த வீட்டில் அம்மாவின் அறையைத் திறந்து, அம்மா மூச்சு விட்ட குழாயைத் தன் வாயில் வைத்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு படுக்கிறாள். வசனமே கிடையாது. கோபெலாக நடிக்கும் பேட்ரிஷியா ஆர்கெட் முகம் மட்டும்தான். அப்புறம் வீட்டையே புரட்டித் தன் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுக்கிறாள். அதில் இருப்பது என்ன? அலுவலக நினைவையும் வீட்டு நினைவையும் இரண்டாக வெட்டும் அந்தத் தொழில்நுட்பம் முழுக்க அவள் கையெழுத்தில். லூமன் முதலாளி கண்டுபிடித்தது என்று உலகம் நம்பிக்கொண்டிருப்பதை உண்மையில் கண்டுபிடித்தவளே அவள்தான். முதல் சீசனிலிருந்து நாம் பார்த்த கோபெல் தலைகீழாக மாறிப்போகிறாள்.

நம்ம ஆள் கணக்கில் இதற்குப் பெயர், ஒண்ணுமே நடக்கல.

மெதுவாகப் போனது என்கிறீர்களா? போனதுதான். அதற்கு முந்தைய வாரம் ஜெம்மாவின் கதையைச் சொன்ன ஏழாவது எபிசோடு நெஞ்சைப் பிசைந்துவிட்டுப் போயிருந்தது, அதன் பின்னால் எது வந்தாலும் அடி வாங்கும். இப்படிச் சொல்லி யாராவது குறைப்பட்டால் உட்கார்ந்து பேசலாம். பார்த்துவிட்டுத் திட்டுகிறவனை நான் மதிக்கிறேன். இவர் நுனிப்புல்லைக்கூட மேயவில்லையே, வேலிக்கு வெளியே நின்று தோட்டமே காய்ந்துவிட்டது என்கிறார்.

கதை இத்தோடு முடியவில்லை. அடுத்த வெள்ளி, ஒன்பதாவது எபிசோடு. கோபெல் மார்க்கோடு வந்து நிற்கிறாள், அவன் மூளையில் இருக்கும் சில்லைப் பற்றி யாருக்கும் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. போன் துடித்தது.

"லாஜிக்கே இல்ல. சாதாரண மேனேஜர் அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எவ்ளோ பெரிய ஓட்டை! எழுதினவங்க மறந்துட்டாங்க போல."

இந்த மெசேஜை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கேட்காதீர்கள். கைகால் உதறியது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்: "போன வாரம் முழுக்க அதைத்தானே சொன்னாங்க?"

பதில் உடனே வந்தது. இந்தத் தடவை வரைவெல்லாம் கிடையாது.

"போன வாரமா? அது ஃபில்லராச்சே."

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்கள். கேள்வி கேட்பவரும் அவரே, பதில் இருந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டவரும் அவரே, பதில் இல்லையே என்று ஊரைக் கூட்டுபவரும் அவரே. அதற்கும் மூன்று பேர் கைதட்டல். சொன்னேனே, பட்டியல் என்னிடம் இருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிகள்தான் கணிப்பு மன்னர்கள். இரண்டாவது சீசன் முதல் எபிசோட்டிலேயே மார்க்கோடு வேலை செய்யும் ஹெல்லி கொஞ்சம் முழித்தாள், ராத்திரியில் தோட்டக்காரனைப் பார்த்ததாக உளறினாள். அன்றைக்கே பாதிப் பேர் கண்டுபிடித்துவிட்டார்கள், இது ஹெல்லி இல்லை, அவளுடைய வெளியுலக மனசான ஹெலனா வேஷம் போடுகிறாள் என்று. கெட்டிக்காரர்கள், பாராட்டலாம். நாலாவது எபிசோட்டில் கூட வேலை செய்யும் இர்விங் அவள் தலையைப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கி உண்மையைக் கக்க வைத்தான். எனக்கு மூச்சே நின்றது. குழுவில் என்ன வந்தது? "எதிர்பார்த்ததுதான். சப்புன்னு போச்சு." ஆக, கணிப்பு பலித்தால் சப்பென்று போய்விட்டது. பலிக்காவிட்டால்? கடைசி எபிசோட்டில் மார்க்கின் அலுவலக மனசு மனைவியைக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு ஹெல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியதே, அப்போது என்ன சொன்னார்கள்? "இப்படியெல்லாம் நடக்குமா? லாஜிக் எங்கே?" எழுதுகிறவன் என்னதான் செய்யட்டும்? நீங்கள் நினைத்ததையே எழுதவேண்டும், ஆனால் நீங்கள் நினைக்காததாக இருக்கவேண்டும். நல்லது, மனுப் போட்டு வைக்கிறேன்.

வாராவாரம் ஒன்று விட்டால் "இழுக்குறாங்க". மொத்தமாக இறக்கினால் "ஒரே ராத்திரியில தீர்ந்துபோச்சு, பேசவே நேரமில்ல".

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. 1986-இல் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. 'டாக்டர்' என்றே அழைக்கப்படும் நாயகனின் அறிவியல் புனைவுத் தொடரான 'டாக்டர் ஹூ' புது சீசன் அப்போதுதான் முடிந்திருக்கிறது. ரசிகர் சங்கத்திலிருந்து ஒரு பையன், இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை, அதில் சில எபிசோடுகளை எழுதியவர்கள் காது கேட்க, கதை சரியில்லை என்று குறைகளை அடுக்குகிறான். எழுதியவர்கள் பிப் பேக்கரும் ஜேன் பேக்கரும், வயதில் மூத்த தம்பதி, பதில் சொல்லியாக வேண்டிய நிலை. அந்தப் பையன் பெயர் கிறிஸ் சிப்னால். காலம் ஓடியது. 2018-இல் அதே தொடரின் தலைமை எழுத்தாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்? அதே சிப்னால்! ஜோடி விட்டேக்கரை முதல் பெண் டாக்டராகக் கொண்டுவந்தார். அப்புறம் 2020-இல் டாக்டரின் பிறப்புக் கதையையே மாற்றி எழுதினார். ரசிகர்கள் வைத்துச் செய்துவிட்டார்கள். அன்றைக்குப் பையன் கொடுத்தது முன்பணம்தான் என்பதுபோல வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. இதைப் படித்த அன்று எனக்குக் கிடைத்த திருப்தி இருக்கிறதே, ஆயுசுக்கும் போதும்.

ஒரே ஒரு வித்தியாசம், அந்தப் பையன் முழுசாகப் பார்த்துவிட்டுத் திட்டினான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1968-இல் 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாவது சீசனோடு நின்றுவிடும் என்ற பேச்சு வந்ததும் ரசிகர்கள் கடிதம் எழுதி எழுதியே தொலைக்காட்சி நிறுவனத்தைத் திணறடித்தார்கள். மூன்றாவது சீசன் கிடைத்தது. ஆசை ஆசையாகப் பெட்டி முன் உட்கார்ந்தார்கள். அந்த சீசனின் முதல் எபிசோடு என்ன தெரியுமா? கதையின் முக்கியப் பாத்திரமான ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள், பேச்சுமூச்சில்லாத உடம்பை அவன் நண்பர்கள் ரிமோட்டால் நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு திரிகிறார்கள். இன்றுவரை அந்தத் தொடரிலேயே மோசமான எபிசோடு எது என்று கேட்டால் பலர் கை நீட்டுவது இதைத்தான். கை வலிக்க எழுதி வாங்கிய சீசனில் முதல் சாப்டரே மூளை திருட்டு! திட்டுவதற்கு முழு உரிமை பெற்றவர்கள் உலகத்தில் யாராவது உண்டென்றால் அவர்கள்தான்.

நம்ம ஆள் யாருக்குக் கடிதம் எழுதினார்? இரண்டாவது சீசன் முடிந்த அன்றே மூன்றாவது உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். அதைக் குழுவில் முதலில் போட்டது யார் என்று ஊகியுங்கள். "இனிமே பார்க்க மாட்டேன்" என்று காலையில் எழுதி, அன்றைக்கே "வருது வருது, சீசன் 3 வருது!" என்று வாணவேடிக்கைப் படத்தோடு போட்டவர் அவரேதான். இரண்டு மெசேஜும் ஒன்றன்கீழ் ஒன்றாக இன்னும் இருக்கின்றன. நடுவில் வேறு யாரும் எதுவும் எழுதக்கூட இல்லை.

இன்று காலை "எப்போ வரும்" என்று கேட்டாரே, அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பெரிதாக, சூடாக, மேற்கோள்களோடு எழுதினேன். அனுப்பப்போகும் நேரத்தில் அவரிடமிருந்தே இன்னொரு மெசேஜ்: "சீசன் 3 வர்றதுக்குள்ள முதல்ல இருந்து ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துடலாம்னு இருக்கேன். எந்த எபிசோடெல்லாம் விட்டா பரவாயில்ல?"

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? எழுதியதை அழித்துவிட்டு, "எட்டு மட்டும் விட்டுடுங்க, ஃபில்லர்" என்று அனுப்பினேன். "அதானே!" என்று இதயம் போட்டிருக்கிறார்.

அது போகட்டும். இந்தத் தொடர்களுக்கெல்லாம் சத்தத்தின் அளவு வைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கவேண்டும். ஏன் சார், இரண்டு பேர் உயிர் போகிற ரகசியத்தைப் பேசும்போது கிசுகிசு என்று ஒன்றுமே காதில் விழவில்லையே, சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நொடியே டமார் என்று இசையைப் போட்டு வீட்டையே எழுப்புகிறீர்களே, என்ன நியாயம் இது? கூட்டு, குறை, கூட்டு, குறை என்று ராத்திரி முழுக்க ரிமோட்டும் கையுமாக இருக்கிறேன். அந்த ரிமோட்டில் சத்தம் குறைக்கிற பொத்தான் தேய்ந்து எழுத்தே அழிந்துவிட்டது. கூட்டுகிற பொத்தானும் அதே கதிதான்.