கடைசி முந்நூறு அடிக்கு யார் கையெழுத்துப் போடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எதிர்வீட்டுத் தம்பி எங்கள் மொட்டை மாடிக்கு வந்தான். திருவொற்றியூரில் கடல்காத்து நன்றாக ஏறியிருந்த நேரம். என் பாராசூட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்து, ஒவ்வொரு கயிறாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காத்து உள்ளே புகுந்து துணி எழும்பிவிடாமல் இருக்க, கயிறுகளைத் தோளோடு சேர்க்கும் ரைசர் பட்டைகள் மேல் இரண்டு தண்ணி கேனை வைத்திருந்தேன். அவன் செல்போனை நீட்டினான்.

"அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒன்னு வருது. 135. வாங்கிடவா?"

அவன் இதுவரை விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதித்தது 43 முறை. தாய்லாந்தில் கோர்ஸ் முடித்து, 25 ஜம்ப்பில் முதல் படியான ஏ லைசன்ஸ் வாங்கினவன். நல்ல பையன், பயம் இல்லாதவன். விமானப்படையின் ஆகாஷ் கங்கா குழு வானத்தில் கொடி பிடித்து இறங்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வளர்த்தவன். இரண்டு வருஷச் சம்பளத்தைச் சேர்த்து வைத்துப் போய்வந்தான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். வடசென்னையிலிருந்து இந்தப் பக்கம் போகிற பையன்களும் பெண்களும் இப்போது ஒன்றிரண்டு பேராவது இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

முதலில் 135 என்றால் என்ன? பாராசூட் துணியின் பரப்பு, சதுர அடியில். குதிக்கிறவரின் உடம்பு எடையையும் முதுகில் இருக்கிற சாமான் எடையையும் கூட்டிப் பவுண்டில் எடுத்து, அந்தப் பரப்பால் வகுத்தால் வருவது விங் லோடிங். தம்பி 82 கிலோ, சாமான் 12 கிலோ. மொத்தம் 94 கிலோ, அதாவது 207 பவுண்டு. 135-ல் அவன் தொங்கினால் விங் லோடிங் 1.5-ஐத் தாண்டுகிறது. ஜம்பர்கள் கையில் வைத்திருக்கும் பொதுக் கணக்கு ஒன்று உண்டு. முதல் நூறு ஜம்ப் வரை ஒன்றைத் தாண்டாதே, பிறகு ஒவ்வொரு நூறுக்கும் 0.1 கூட்டிக்கொள். அந்தக் கணக்கில் 1.5 என்பது அறுநூறு ஜம்ப் முடித்தவருக்கு உரியது. 43-க்கு இல்லை. இவனுக்கு 210 தான் சரி.

சின்ன துணி என்றால் வேகம் கூட. வேகம் கூடினால் கை செய்கிற சின்னத் தப்புக்குக்கூட பெரிய விலை. துணி சின்னதாக ஆக, ஒரு பக்கம் இழுத்தால் சட்டென்று சாய்ந்து, தலைகுப்புற டைவ் அடித்து, ஏகப்பட்ட உயரத்தைத் தின்றுவிட்டுத்தான் மறுபடி நேராகும். இரண்டாயிரம் அடியில் அது ஜாலி. நூறு அடியில் அந்த உயரமே கிடையாது.

வெளியில் இருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "பாராசூட் தொறக்கலன்னா?" அந்தப் பயத்துக்கு இந்த விளையாட்டு ஐம்பது வருஷமாக வேலை செய்து பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பில் பூத் 1970-களில் கொண்டுவந்த மூன்று வளையப் பூட்டு, சரியாகத் திறக்காத மெயின் பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிடும். 1991-ல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்ற கருவி, ஆள் மயங்கிக் கிடந்தாலும் குறிப்பிட்ட உயரத்தில் ரிசர்வ் என்ற இரண்டாவது பாராசூட்டைத் தானே திறந்துவிடும். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் அங்கே நடந்த சுமார் 36.5 லட்சம் ஜம்ப்பில் இறந்தவர்கள் 10 பேர். ஆனால் நன்றாகத் திறந்த, ஒரு கிழிசலும் இல்லாத பாராசூட்டின் கீழே தொங்கிக்கொண்டே சாகிறவர்களும் எலும்பை நொறுக்கிக்கொள்கிறவர்களும் வருஷா வருஷம் இருக்கிறார்கள். அதில் அடிக்கடி வரும் காரணம், தரைக்குப் பக்கத்தில் போட்ட ஒரு திருப்பம். மூன்று வளையமும் சைப்ரஸும் அங்கே உதவிக்கு வராது. பாராசூட் சரியாக இருக்கிறது, ஓட்டுகிற கைதான் தப்பு செய்கிறது.

எனக்கு நடந்ததும் அதுதான்.

வளைகுடா நாட்டில் துறைமுக வேலையில் இருந்தபோது கற்றுக்கொண்டேன். பிறகு லீவு கிடைக்கிற இடத்தில் எல்லாம் போய்க் குதித்தேன். என் 61-வது ஜம்ப். எந்த ஊர், எந்த மையம் என்பது இங்கே வேண்டாம். அப்போது என்னிடம் இருந்தது 170. இறங்குவதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஆயிரம் அடியில் காத்தோடு போக வேண்டும், அறுநூறில் குறுக்காகத் திரும்ப வேண்டும், முந்நூறில் காத்துக்கு எதிராக முகம் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு நேராக வந்து, கடைசியில் டாகிள் என்ற இரண்டு கைப்பிடிகளையும் ஒன்றாக இழுத்தால் துணி பிரேக் பிடித்து, காலை மெதுவாகத் தரையில் வைக்கும். அன்று மதியம் காத்து படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இறங்கினவர்கள் வைத்த திசையிலேயே நானும் வந்துகொண்டிருந்தேன். நூற்றைம்பது அடி இருக்கும். கண் போய், காத்தின் திசையைக் காட்டும் காற்றுப்பையில் பட்டது. அது திரும்பிவிட்டது. காத்து என் முதுகில்.

"காத்துக்கு எதிராத்தான் இறங்கணும்." முதல் நாள் வகுப்பிலிருந்து மண்டையில் ஏறின பாடம். கை யோசிக்கவில்லை. வலது டாகிளை இடுப்பு வரை இழுத்தேன். அடிவானம் சாய்ந்தது. கால் வெளியே வீசப்பட்டு, தரை பக்கவாட்டில் இருந்து வந்தது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. ஒரு பிளேட், ஏழு ஸ்க்ரூ, ஐந்து மாசம்.

கணக்கைப் பாருங்கள். என் பாராசூட்டின் வேகம் சுமார் 35 கிலோமீட்டர், காத்து 10. எதிராக இறங்கினால் தரையில் 25. காத்தோடு இறங்கினால் 45. அடி மூன்று மடங்கு பலமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் துணியை நேராக வைத்து, முழுசாக பிரேக் பிடித்து, பாதம், கெண்டைக்கால், தொடை, புட்டம், முதுகின் பக்கவாட்டு என்று வரிசையாக உருண்டிருந்தால் சட்டை கிழிந்திருக்கும், முட்டி சிராய்த்திருக்கும், எழுந்து நடந்து வந்திருப்பேன். இறங்கும்போது எது முக்கியம் என்பதற்கு ஒரு வரிசையே இருக்கிறது. முதலில் துணி தலைக்கு மேல் சமமாக இருக்க வேண்டும். அடுத்து, முன்னால் தடை இல்லாத இடம். பிறகு குறைந்தது பாதி பிரேக். பிறகு உருளத் தயாராக இருப்பது. காத்துக்கு எதிரா இல்லையா என்பது இந்த நான்கிலும் இல்லை. என் கைக்கு அது தெரியாது.

ஏன் தெரியாது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி, அடுத்த படியான பி லைசன்ஸுக்கு 50 ஜம்ப் வேண்டும். அதோடு பாராசூட் ஓட்டும் திறமைக்குத் தனியாக ஒரு அட்டையும் நிரப்ப வேண்டும். அதில் ஒரு பயிற்சி, பாதி பிரேக்கில் வைத்துக்கொண்டே திருப்புவது. இரண்டு டாகிளையும் பாதி வரை இறக்கிக்கொண்டு, ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் துணி சாயாமல், அதிக உயரம் இழக்காமல், தட்டையாகத் திரும்பும். தாழ்வான உயரத்தில் ஒரு தடையைப் பார்த்துவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது இந்தத் திருப்பம்தான். அந்தப் பயிற்சியை நான் செய்யவில்லை. அன்று மேகம் வந்துவிட்டது, அடுத்த நாள் எனக்கு ஃப்ளைட். கேன்டீன் மேஜையில், டீ கிளாஸை நகர்த்திவிட்டு, அந்த மையத்தின் பயிற்சியாளர் எல்லாக் கட்டங்களிலும் கடகடவென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "உனக்கு வரும், நீ நல்லாப் பண்றே" என்றார். நானும் சந்தோஷமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பதினோரு ஜம்ப் கழித்துத்தான் அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று என் கால் தெரிந்துகொண்டது.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று அவர் எனக்குச் செய்தது நல்லது இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் எதுவும் கிடையாது.

நம் ஊரில் டூ வீலர் லைசன்ஸுக்கு எட்டு போட்டுக் காட்டுகிறோம். எட்டு போட்டவன் எல்லாம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ராத்திரியில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்று நம்மில் யாராவது நம்புகிறோமா? லாக்புக்கில் இருக்கிற எண்ணிக்கையும் அப்படித்தான். ஐம்பது முறை குதித்தவன் ஐம்பது முறை கீழே வந்திருக்கிறான், அவ்வளவுதான். ஒரே இடத்தில், ஒரே மாதிரி காத்தில், ஒரே துணியில் வந்திருந்தால் அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு இறக்கம்.

லைசன்ஸ் விதிகளில் இறங்கும் துல்லியம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஏ லைசன்ஸுக்குக் குறியிலிருந்து 20 மீட்டருக்குள் ஐந்து முறை, பி-க்கு 10 மீட்டருக்குள் பத்து முறை, 200 ஜம்ப் கேட்கும் சி-க்கு 2 மீட்டருக்குள் 25 முறை இறங்கியிருக்க வேண்டும். தேவையான அளவுகோல்தான். ஆனால் அளப்பது தூரத்தை மட்டும். புதுசாகக் கற்கிறவன் குறியைத் தாண்டிப் போகிறோம் என்று தெரிந்ததும் என்ன செய்வான்? எண்பது அடியில் ஒரு திருப்பம் போட்டுக் குறியைப் பிடிக்கப் பார்ப்பான். பத்து மீட்டருக்குள் கால் வைத்துவிட்டால் கைதட்டு, அட்டையில் டிக். அதே நாள் இன்னொருத்தி குறி தப்பியது தெரிந்து, திருப்பாமல், நேராக வந்து, அறுபது மீட்டர் தள்ளி பத்திரமாக நிற்பாள். அவளுக்கு டிக் கிடையாது. நான் பயிற்சியாளராக இருந்தால் அவளுக்குத்தான் முதல் மார்க் போடுவேன். முந்நூறு அடிக்குக் கீழே பெரிய திருப்பம் போட்ட இறக்கம் எதுவாக இருந்தாலும், குறியின் நடுமையத்திலேயே கால் வைத்தாலும், அது கணக்கில் சேரக் கூடாது. இதை விதியாகவே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

துணி அளவும் அப்படித்தான். நெதர்லாந்தில் எத்தனை ஜம்ப்புக்கு எவ்வளவு விங் லோடிங் என்பது விதி, அதை மீற முடியாது. பல இடங்களில் அது வெறும் அறிவுரை. அறிவுரை என்றால் நம் தம்பி மாதிரி இருபத்துநாலு வயசுப் பையன் செகண்ட் ஹேண்ட் விலையைப் பார்த்ததும் மறந்துவிடுவான். பெரிய துணியோடு இறங்கினால் கூட இருப்பவர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று அவனே சொன்னான். நான் கால் சரியானதும் 170-ஐ விற்றுவிட்டு 190 வாங்கினேன். மாடியில் விரித்திருந்தது அதுதான்.

பிரிட்டனில் ஏ-க்கும் பி-க்கும் பாராசூட் ஓட்டுவதற்கென்றே தனித்தனிப் படிகள் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒருவர் அதை மறுபடி கடக்க வேண்டும் என்றால் இன்னும் நல்லது. கையெழுத்துப் போடுகிறவர் அந்த ஜம்ப்பைத் தரையிலிருந்து கண்ணால் பார்த்த தேதியையும் நேரத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். கேன்டீன் மேஜை அங்கேயே காலியாகிவிடும்.

பயிற்சிச் சான்றிதழை நம்பி உயிரைக் கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை. 2018-ல் கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பேரிடர் ஒத்திகை என்று மாடியிலிருந்து குதிக்க வைத்ததில் ஒரு மாணவி இறந்துபோனாள். பயிற்சி கொடுத்தவரிடம் இருந்த அங்கீகாரமே போலி என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண் குதிக்கத் தயங்கி உட்கார்ந்திருந்த வீடியோ இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சொல்லிக் கொடுக்கிறவரிடம் "உங்கள் ரேட்டிங் எது, எந்தத் தேதி வரை செல்லும், காட்டுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

தம்பிக்கு இதையெல்லாம் இப்படி வரிசையாகச் சொல்லவில்லை. அவன் வியாசர்பாடியில் மாமா வீட்டு மாடியில் காத்தாடி விட்டு வளர்ந்தவன். அதனால் அங்கிருந்து ஆரம்பித்தேன். நாம் தொங்கிக்கொண்டு வரும் இந்தச் செவ்வகத் துணியை 1960-களில் வடிவமைத்த டோமினா ஜால்பர்ட்டே ஒரு காத்தாடிக்காரர்தான். முன்பக்கம் வாய் திறந்த அறைகளுக்குள் காத்து புகுந்து, துணியே இறக்கையாகிவிடும். ஒரு தண்ணி கேனை நகர்த்தினேன். கடல்காத்து வாய்க்குள் புகுந்து, நான்கு அறை புசுபுசுவென்று எழுந்தது. இடது டாகிளை அவன் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னேன். பின்விளிம்பு ஒரு ஓரம் மட்டும் மடிந்து இறங்குவதைக் குனிந்து பார்த்தான்.

"காத்தாடி குத்த ஆரம்பிச்சா நீ என்னடா பண்ணுவே?"

"நூல் வுடுவேண்ணா. இழுத்தா இன்னும் வேகமா குத்தும்."

"பயத்துல கை தானா இழுக்கும்ல?"

"சின்ன வயசுல இழுத்துருக்கேன். நாலு காத்தாடி போச்சு."

காசிமேட்டில் கட்டுமரம் ஓட்டின என் தாத்தா, மேற்கிலிருந்து வரும் கச்சான் காத்து படுத்து, கிழக்கிலிருந்து வரும் கொண்டல் எழும்புகிற நேரத்தில் பாயில் கை வைக்கவே விடமாட்டார். "காத்து முடிவு பண்ணட்டும், நீ சும்மா இரு" என்பார். நூற்றைம்பது அடியில் அந்தக் குரல் எனக்கு ஞாபகம் வந்திருந்தால் என் காலில் ஏழு ஸ்க்ரூ இருந்திருக்காது.

தம்பி அந்த 135 வேண்டாம் என்று விற்பவருக்கு அங்கேயே மெசேஜ் போட்டான். 210 ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம், யாரிடமாவது நல்ல நிலையில் இருந்தால் சொல்லுங்கள்.

அவன் கீழே இறங்கிப் போனதும் என் பழைய பி அட்டையைத் தேடி எடுத்தேன். பாதி பிரேக் திருப்பத்துக்கு நேராக இருந்த கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். டிசம்பரில் இரண்டு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. முதல் ஜம்ப்பில் மூவாயிரம் அடியில் துணியைத் திறந்து, அந்தப் பயிற்சியை மேலேயே பத்து முறை செய்துவிட்டுத்தான் கீழே வருவேன். தரையில் நின்று பார்க்க ஒருவரை இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.