கைக்குத் தெரியாத சூடு

போன வாரம் மகளை டியூஷனிலிருந்து கூட்டி வரும் வழியில் சூப் கடையில் நின்றோம். தெர்மாகோல் கப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஏழு வயசுப் பிள்ளை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், சுடவில்லை. ஒரு வாய் நன்றாக உறிஞ்சிவிட்டாள். நாக்கும் மேலண்ணமும் வெந்து, இரண்டு நாளைக்குத் தயிர்சோறுதான் இறங்கியது.

அவள் மேல் தப்பே இல்லை. தொட்டுப் பார்த்துக் குடி என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்? தொட்டுத்தான் பார்த்தாள். கப் அவளுக்குப் பொய் சொல்லிவிட்டது.

தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மணிகளை நீராவியில் பொரிய வைத்து அச்சில் அழுத்துவது. கிட்டத்தட்ட அரிசி பொரியாகிற கதைதான். உள்ளே 95 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்று. காற்று நகர முடிந்தால் சூட்டைச் சுமந்துகொண்டு போய்விடும். சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டுக் கிடப்பதால் அதற்கு வழியில்லை. எவர்சில்வரோடு ஒப்பிட்டால் இது சூட்டைக் கடத்துவது சுமார் 400 மடங்கு குறைவு. அதனால்தான் கொதிக்கிற சூப்பை வைத்துக்கொண்டும் கை நிம்மதியாக இருக்கிறது.

இதில் இன்னொன்று. சூடு ஆறாமல் இருக்கும் என்றுதான் தெர்மாகோலில் தருகிறார்கள். ஆனால் மூடி இல்லாத கப்பில் சூடு பெரும்பாலும் ஆவியோடு மேலே போய்விடுகிறது. அதைச் சுவர் தடுக்க முடியாது. காப்பாற்றப்படுவது சூப்பின் சூட்டைவிட நம் விரல்கள்தான்.

டம்ளர் டபராவை நினைத்துப் பாருங்கள். டம்ளர் சுடும். விளிம்பைப் பிடிப்போம், டபராவில் ஊற்றி ஆற்றுவோம், விரல் தாங்குகிற பதம் வந்த பிறகுதான் வாய்க்குப் போகும். கை முதலில் சோதித்துச் சொல்லும், நாக்கு கேட்டுக்கொள்ளும். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பதை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடிய பழக்கம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. 2018இல் அதே வகையில் இன்னொன்றையும் சேர்த்தது: ஸ்டைரீன். இந்தக் கப் எதனால் ஆனதோ, அதன் மூலப்பொருள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கப்பிலிருந்து இறங்குகிற ஸ்டைரீன் மிகக் கொஞ்சம், ஒருநாள் குடித்ததால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சூடும் கொழுப்பும் கூடக் கூட இறங்குவதும் கூடும். ஆட்டுக்கால் சூப்பில் இரண்டும் இருக்கிறது. மேலே எண்ணெய் மிதக்க மிதக்க, தினமும் அதையே குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு தெர்மாகோல் துண்டு இருந்தால் ஆரஞ்சுத் தோலை மடித்து அதன்மேல் பிழிந்து பாருங்கள். நான் மகளோடு உட்கார்ந்து செய்தேன். தோல் எண்ணெய் தெறித்த இடமெல்லாம் வெள்ளைப் பரப்பு மெதுவாக உள்வாங்கி, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்தது. தோலில் இருக்கும் லிமோனீன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடுகிறது. எலுமிச்சைத் தோலிலும் அதே எண்ணெய்தான். சுடச்சுட லெமன் டீயில் தோலோடு ஒரு வில்லையைப் போட்டு இதே கப்பில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவளே கேட்டாள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் கப்புக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதே பட்டியலில்தான். இரண்டும் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. பேப்பர் கப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அதற்குள் 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாகக் காரக்பூர் ஐஐடி 2020இல் கண்டறிந்தது.

சூப் கடைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. தள்ளுவண்டியில் தண்ணீரே ஒரு குடம்தான், டம்ளர் கழுவ எங்கே போவார்? அதனால் நாம் கொண்டுபோவதுதான் சரி என்று முடிவு செய்தேன். நேற்று இரண்டு எவர்சில்வர் டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு போனோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை, வாங்கி நிறைய ஊற்றிக் கொடுத்தார். மகள் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தாள். “அப்பா, சுடுது” என்று கீழே வைத்துவிட்டு, ஆறும்வரை பக்கத்திலேயே நின்றாள்.