சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள் ஐயா

அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தாயிற்று. எந்த வீடு, யார் எடுத்தது என்று இங்கே சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். 'செட்டிநாட்டு வீட்டைப் பழைய அழகோடு மீட்டோம்' என்று தலைப்பு. பின்னணியில் நாதஸ்வரம். முன்னணியில் டிரில் மெஷினை வைத்து வளவுச் சுவரின் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சை அடியோடு பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு சிமெண்ட், அதன்மேல் புட்டி, அதன்மேல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைக்கும் அந்தக் காலத்து 'முட்டைப் பூச்சு மாதிரி' பளபளக்கும் ஒரு பெயிண்ட். கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள்.

ஒரே விஷயம்தான் சொல்ல வந்தேன். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்.

அந்தக் காலத்துச் சுவரில் ஓதக்காப்பு, அதாவது தரை ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு, கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் வெளியேறும். நூறு வருடமாக அந்த வீடு நிற்பது இந்த ஏற்பாட்டில்தான். மேலே சிமெண்டையும் அக்ரிலிக் பெயிண்டையும் போட்டு அடைத்தால் ஈரம் எங்கே போகும்? முன்பு முழங்கால் உயரத்தில் நின்றது இடுப்புவரை ஏறும். சிமெண்டில் இருக்கும் உப்பும் சேர்ந்துகொண்டு செங்கல்லின் முகத்தை மாவாக உதிர்க்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் பூச்சு பாளம்பாளமாக விழும். விழும்போது செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். அப்போது வீடியோ எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

'சிமெண்ட் உறுதியாச்சே?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த உறுதிதான் சங்கடம். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர் வெயிலுக்கும் மழைக்கும் மயிரிழை அசையும். மேலே விறைப்பான பூச்சு இருந்தால் வெடிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது.

சரி, எப்படித்தான் செய்வது? முதலில் சுவரைத் தொடாதீர்கள், கூரையைப் பாருங்கள். ஓடு உடைந்திருக்கிறதா, முற்றத்துத் தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கிறதா. அதைச் சரிசெய்து சுவரை ஒரு கோடை காயவிடுங்கள். பிறகு கட்டை விரல் மூட்டால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுங்கள். கெட்டியாக ஒலிக்கும் பூச்சில் கை வைக்கவே கூடாது. வீடியோவில் பெயர்த்ததில் முக்கால்வாசி நல்ல பூச்சு. பெயர்ந்த துண்டின் பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது, செங்கல்லோடு பிடித்திருந்தது.

வெட்டிய இடத்தில் மறுபடி பூச, சுட்ட சுண்ணாம்பை நீற்றித் தண்ணீருக்கடியில் குறைந்தது இரண்டு மூன்று வாரம் கிடக்கவிட வேண்டும். அவசரப்பட்டால் நீறாத குருணை சுவரில் ஏறிய பிறகு நீறும். பூச்சு அம்மை போட்டதுபோல் பொரியும். கடுக்காயை நசுக்கி, வெல்லத்தோடு பத்துப் பதினைந்து நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் கலவை போட வேண்டும். சுவரை முந்தின நாளே நனைத்துவைக்க வேண்டும். முதல் பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அரை இஞ்ச் கனம். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிய பிறகு அடுத்தது, ஒன்றுக்கு இரண்டு, கால் இஞ்ச். அதன்மேல் சலித்த நைஸ் மணலோடு சரிபாதி, ஒரு நூல் (அரைக்கால் இஞ்ச்) கனம். கடைசியாக வெண்ணெயாய் அரைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு இதில்தான் சேரும். முட்டைதான் பளபளப்புத் தருகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கூழாங்கல்லால் ஈரம் கக்கும்வரை விடாமல் தேய்க்கும் கைதான் தருகிறது. முட்டையை மட்டும் ஊற்றிவிட்டுத் தேய்க்காமல் விட்டால் நாற்றம்தான் மிச்சம்.

வெயிலும் காற்றும் நேராகப் படாமல் சாக்குத் தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்து மெதுவாக இறுகவிட வேண்டும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு கல்லாகிறது, அதற்கு ஈரமும் நாளும் வேண்டும். ஃபேன் போட்டுக் காயவைத்தால் வலைவலையாக வெடிக்கும்.

இனி, நேற்று முதல் எனக்கு வரும் அர்ச்சனைகளுக்கு வருகிறேன்.

'செட்டிநாட்டு வீட்டுத் தரையில் போடும் ஆத்தங்குடிக் கல்லே சிமெண்ட்தானே, அப்போ சிமெண்ட் கெடுதல்னு தெரியாதா?' ஆமாம் அறிவாளி, சிமெண்ட்தான். கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சுடுவதே இல்லை. அது தரை, இது சுவர். அதே வீடியோவில் அந்தத் தரையை ஆசிட் ஊற்றித் தேய்த்ததையும் பார்த்தேன். வண்ணம் மேலே மெல்லிய அடுக்கு மட்டுமே. ஆசிட் முதலில் தின்பது அதைத்தான். வெறும் தண்ணீரில் துடைத்து, துணியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். மிச்சத்தை நடக்கிற கால்கள் பார்த்துக்கொள்ளும்.

'பணம் யார் தருவது?' நியாயமான கேள்வி. செலவு கூடுதல்தான், நாளும் கூடுதல். ஆனால் வெற்றொலி வந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் பாதிச் சுவருக்கு வேலையே இல்லையே.

'அவங்க வீடு, அவங்க காசு, நீ யாருடா?' இதுதான் அதிகம் வந்தது. நான் யாரும் இல்லை. ஆனால் 'மீட்டோம்' என்று ஊருக்குச் சொன்னது அவர்கள். அதைப் பார்த்து நாளைக்குக் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நாலு வீட்டில் டிரில் மெஷின் இறங்கும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலுக்குப் போயாயிற்று. நாம் அக்ரிலிக் பெயிண்ட் பட்டியலில் இருக்கிறோம். பொறாமையாம் எனக்கு! எதைப் பார்த்து? அந்தப் பர்மாத் தேக்குத் தூணுக்குப் பூசிய கண்ணாடி பாலிஷைப் பார்த்தா?

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. அதன்மேல் அந்தக் கண்ணாடி பாலிஷ் (பியூ, அதாவது பாலியூரித்தேன்) சரியாகப் பிடிக்காது, நாளாவட்டத்தில் தோலுரியும். பழைய பெயிண்டை உலர்வாக உப்புத்தாள் போடாதீர்கள், ஈயம் இருக்கலாம், நனைத்துச் சுரண்டுங்கள். காஸ்டிக் சோடா வேண்டாம், மரம் கறுத்துவிடும். ஆளி விதை எண்ணெயும் டர்பன்டைனும் பாதிக்குப்பாதி கலந்து தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

வயரிங்கும் அப்படித்தான். காடி வெட்டிக் குழாய் பதித்துச் சுவரைக் கீறியிருக்கிறார்கள். மரப்பட்டிமேல் புது செம்பு வயரை ஓட்டி, எர்த்தும் மின்கசிவு பிரேக்கரும் வைத்தால் அந்தக் காலத் தோற்றமும் இருக்கும், இந்தக் காலப் பாதுகாப்பும் இருக்கும். இதற்குச் செலவும் குறைவு. ஆனால் வீடியோவில் எடுபடாது போலிருக்கிறது.

இதில் என்னை உண்மையிலேயே புண்படுத்தியது வேறு. வீடியோ முழுக்க டிசைனர் பேசுகிறார், டிரோன் பறக்கிறது. கொத்துக் கரணை பிடித்த ஒரு கை, ஒரு முகம் இல்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூப்பிட ஆளில்லாமல் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார்கள். பங்காளிகள் ஒத்துவராமல் பூட்டிக்கிடக்கும் வீடுகள் ஒருபக்கம் இடிந்து, தூணும் நிலையும் பழம்பொருள் கடைக்கு வருகின்றன. அதை வாங்கிப் போய் நகரத்து காபிக் கடையில் நட்டுவைத்து 'பாரம்பரியம்' என்று போர்டு மாட்டுகிறார்கள். வீட்டோடு இருக்கிற தூணுக்குக் கண்ணாடி பாலிஷ், வீட்டை இழந்த தூணுக்கு செல்ஃபி. நல்லா இருக்கு உங்க ரசனை.

வீடியோவின் கடைசியில் அடுத்து இரண்டாங்கட்டு (வளவுக்கு அடுத்த பகுதி) வேலை என்று சொன்னார்கள். டிரில் மெஷினை எடுக்கும் முன் ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருநாள் கூலிதான். என்னைத் திட்ட வருகிறவர்கள் கமெண்டில் வழக்கம்போலத் தொடரலாம், பிளாக் செய்ய மாட்டேன்.